விசாரிக்க வருகிறவர்

ஒன்பது வயது வரைக்கும் 'விசாரிக்கிறது' என்ற சொல்லுக்கு எனக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும். காக்கிச் சட்டைக்காரர்கள் ஜீப்பில் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போவது.

நான் பிறந்த ஊர் கச்சிராயப்பாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. ஒரு தடவை யாருடைய கிணற்று மோட்டாரோ காணாமல் போய், எங்கள் எதிர்வீட்டுக்காரரை விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். அவருக்கும் மோட்டாருக்கும் சம்பந்தம் இல்லை என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் மனுஷன் மூன்று நாள் வாய் திறக்காமல் மாட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். "விசாரிச்சிட்டாங்களாம்" என்று குழாயடியில் பெண்கள் குரலை இறக்கிப் பேசிக்கொண்டார்கள். எடுத்தவன் மலை ஏறியிருப்பான் என்றும், மேலே போய்விட்டால் அது வேறு ஸ்டேஷன் எல்லை, இவர்கள் அங்கே வரமாட்டார்கள் என்றும் அப்பா சொன்னார். எது பிள்ளைகள் காதில் விழக்கூடாதோ அதுதான் முதலில் விழும். எனக்கும் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது வருஷம் வந்தது. எங்கள் சபையில் வருஷத்தின் முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். விரல் நீள அட்டைகளில் ஆளுக்கொரு வசனம் எழுதித் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது எதுவோ அது அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்கென்று சொன்ன வார்த்தை. அப்பாவுக்கு ஆசீர்வாதம் வந்தது. அம்மாவுக்குச் சமாதானம் வந்தது. நான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 'அவர் உன்னை விசாரிக்கிறவர்' என்று இருந்தது.

அதை யாரும் பார்க்குமுன் கைக்குள் மூடிக்கொண்டேன். விசாரிக்கும்படியான காரியம் ஒன்றை முந்தின நாள்தான் செய்திருந்தேன்.

எங்கள் சபை சின்னது. மேலே தகரக் கூரை, கீழே சாணம் மெழுகின தரை, ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது நாற்பது பேர். போதகர் ஐயா கள்ளக்குறிச்சியிலிருந்து வண்டியில் வருவார். திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தைச் செய்வது எங்கள் அம்மாவின் ஊழியம். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அடுக்களைப் பரணில் வைப்பாள். வடிகட்டும்போது வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பாள். ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள். ஐயா ஜெபம் பண்ணுமுன் அதை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. பிள்ளைகளுக்கு ஜெபம் பண்ணின பிறகும் கிடையாது. பெரியவர்கள் மண்டியிட்டு அதை வாங்கி எழுந்து வரும்போது அவர்கள் முகம் மாறியிருப்பதைப் பார்த்துப் பார்த்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே ஏக்கம்.

வருஷக் கடைசி நாள் மத்தியானம் அம்மா சபையைப் பெருக்கப் போயிருந்தாள். அரிசிப் பானைமேல் ஏறி நின்று பாட்டிலை எடுத்தேன். ஒரு மடக்குதான் குடிக்க நினைத்தேன். முகம் மாறுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். மாறவில்லை. போதவில்லைபோல என்று இன்னொரு மடக்கு. அப்படியே பாதி பாட்டில் போய்விட்டது. இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு. பிறகுதான் பயம் வந்தது. அடுப்புமேல் அம்மா பொரியலுக்கு வேகவைத்த பீட்ரூட் தண்ணீர் இருந்தது. நிறம் சரியாகத்தான் இருந்தது. கழுத்து மட்டம் வரைக்கும் ஊற்றி, மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

இது இதோடு போயிருந்தால் நான் வாங்கியிருக்க வேண்டியது நாலு அடி. ஆனால் வீட்டில் அப்போது மாமா இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கரும்பு வெட்டுகிற ஆட்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். குடி அவரை எலும்பாக்கிவிட்டிருந்தது. ஐப்பசி மழையில் அம்மா போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இரண்டரை மாசமாகத் தொடவில்லை. சபையில் கடைசியில், செருப்புகள் கழற்றிப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். முன்னால் வரச் சொன்னால், "இங்கயே காத்தா கீதுங்க" என்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவராகவே போதகர் ஐயாவிடம் போய், புது வருஷத்தில் தனக்கும் திருவிருந்து கொடுப்பாரா என்று கேட்டிருந்தார். ஐயா சரி என்றார். அன்றிலிருந்து அம்மா அடுப்படியில் பாடின பாட்டெல்லாம் சந்தோஷப் பாட்டு.

அந்தப் புது வருஷக் காலை இன்னும் எனக்குக் கனவு மாதிரி கண்ணில் நிற்கிறது. மார்கழிப் பனி கதவு வழியாக உள்ளே வந்து, உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் தானும் உட்கார்ந்திருந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நடக்கத் தெரியாதவர்போல முன்னால் போனார். மண்டியிட்டார். ஐயா பாத்திரத்தைக் கொடுத்தபோது மாமா இரண்டு கையாலும் வாங்கினார். குடித்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் எழுந்து திரும்பினபோது முகம் மாறித்தான் இருந்தது. உள்ளே போனது பாதி பீட்ரூட் தண்ணீர் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லார் நாக்கும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது. போதகர் ஐயாவின் வெள்ளை அங்கியில் கழுத்துக்குக் கீழே ஒரு ரோஜா நிறச் சொட்டு. மெய்க்காவலர் மாதிரி எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற ஒரு பெரியவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஆண்டவர் ரசத்துல மண்ணு வாடை அடிக்குது?"

"புது வருஷம் இல்ல, அதான் புது ரசம்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அம்மா சிரிக்கவில்லை. பாட்டிலை மோந்து பார்த்தாள். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மத்தியானம் கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"ஆண்டவர் பாத்திரத்துலயே கைய வெச்சிட்டியேடா."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் தொடலக்கா" என்றார்.

"குடிச்சிட்டு, கொறைஞ்ச அளவுக்குத் தண்ணி ஊத்தி வெக்கிறது குடிகாரன் புத்தி. வேற யாருக்கு வரும் இந்தப் புத்தி? இந்தக் கொழந்தைக்கா வரும்?"

அந்தக் குழந்தை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. வாயில் இருந்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அது சாராயம் இல்லக்கா, வெறும் திராட்சத் தண்ணி. அத நான் எதுக்குக் குடிக்கப் போறேன்?"

"பழகின வாய்க்கு எதுவா இருந்தா இன்னா?"

மாமா இலையை மடித்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா மெதுவாகச் சொன்னார்: "நீ கொஞ்சம் கம்மியா பேசி இருக்கலாம். கோவத்துல மலைக்கு ஏறிட்டான்னா அவ்ளோதான். மேல சாராயம் காய்ச்சற எடத்துல அவன் கூட்டாளிங்க கீறானுங்க. இந்தத் தபா போனா ஆள் திரும்ப வரமாட்டான்." அம்மா, போனால் போகட்டும் என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை வெகுநேரம் கழுவினாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது நான் சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டேன். பிள்ளைகள் பொய் சொன்னால் அடிப்பதற்குமுன் எனக்கு அந்தக் கவளம் ஞாபகம் வரும். ஒன்பது வயதுக்குள் இருக்கிற பயம் சின்னப் பயம் இல்லை. அட்டையைப் பாவாடை முடிச்சில் வைத்திருந்தேன். ஆண்டவர் விசாரிக்க வரப்போகிறார். எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். எழுத்தில் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிற நாள். விடியும்போதே மாமா ஒரு மஞ்சள் பையில் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பா வயலுக்குப் போயிருந்தார். "நான் மேல போறேன்" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார். அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்டது. எனக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. மேலே என்றால் வேறு எல்லை. மலைக்காரர்கள் கும்பிடுகிற சாமிகள் வேறு. எங்கள் ஆண்டவருக்கு அங்கே என்ன அதிகாரம் இருக்கப்போகிறது? அன்றைக்கு நான் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆண்டவர் மன்னிக்க வேண்டும். யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிறவள்போல நேரமே கிளம்பினேன்.

மார்கழியில் எங்கள் ஊரில் காலையில் மலை இருக்காது. அது இருந்த இடத்தில் வெறும் பால் நிறம்தான். ஒன்பது, பத்து மணிக்குமேல், மறந்துபோன பொருளை யாரோ நினைத்து நினைத்துத் திரும்ப எடுத்து வைப்பதுபோல ஒவ்வொரு முகடாக வரும். அன்றைக்குச் சாலையும் இல்லை. மரவள்ளிக் கொல்லைகள் இல்லை. மாமாவின் மஞ்சள் பை மட்டும் எனக்கு முன்னால் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போனேன். பனிக்குள்ளிருந்து இரண்டு மங்கின கண்கள் வந்தன. மலை பஸ். மாமா பின்வாசலில் ஏறினார். நான் முன்வாசலில் ஏறினேன்.

பெண்கள் பக்கத்தில் ஒரு மலைக்காரப் பெண்மணி கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். "யாரு வூட்டுப் பொண்ணு நீ? தனியா வந்துகினு கீறியே" என்றாள். மாமா பின்னால் இருக்கிறார் என்றேன். கண்டக்டர் வந்தார். அவர் சட்டையும் காக்கி. நான் கூடைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா டிக்கெட் எடுப்பார் என்று பின்பக்கம் கையைக் காட்டினேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போய்ச் சேருவதற்குள் பஸ் இரண்டு வளைவு ஏறிவிட்டது.

"யோவ், முன்னால ஒரு பொண்ணு உன் பேர்ல வருது."

மாமா கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படியோ ஆயிற்று. கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"எறங்கு. வூட்டுக்குப் போ."

"இங்க எறக்கி வுட்டா கரடிதான் கூட்டிக்கினு போவும்" என்றார் கண்டக்டர். "மேல போயிட்டு இதே வண்டியில கீழ அனுப்பிடு. வூடு எது, சர்ச்சுக்குப் பக்கத்துலயா? சரி சரி, உங்கப்பாவ எனக்குத் தெரியும்."

நாலாவது வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்திலிருந்த பெண்மணி கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கில் வைத்தாள். "மோந்துக்கினே வா. கீழ பாக்காத" என்றாள். நான் கீழே பார்த்தேன். கீழே ஒன்றும் இல்லை. எங்கள் ஊர், பள்ளிக்கூடம், தகரக் கூரை சபை எல்லாவற்றையும் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். எல்லை தாண்டிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி.

பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் தலையில் மப்ளர் சுற்றியிருந்தார். வண்டியில் ஒரு வெள்ளைக் கேன் தொங்கியது. மண்ணெண்ணெய் வாங்க வந்தவர்கள் என்று நினைத்தேன். மாமாவைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"வாய்யா, போதகரே. வரமாட்டியோன்னு பாத்தோம்" என்றார் மப்ளர்காரர். "இது இன்னா, கொழந்தையோட வந்துகீற?"

"அக்கா பொண்ணு. சொல்லாம ஏறிடுச்சி."

"அதான் பஸ்ஸு நிக்குது இல்ல, திருப்பி ஏத்தி வுடு."

மாமா என்னைத் தூக்கிப் பஸ் படியில் வைத்தார். கீழே போவது என்றால் நேரே விசாரணைக்குப் போவது. நான் அவர் விரலை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்தது மறுபடி ஒட்டிக்கொண்டது. மப்ளர்காரர் உதவிக்கு வந்து என் தோளைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, அதுவரை எலுமிச்சம்பழத்தை நம்பி உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவருடைய புதுச் செருப்பின்மேல், இரண்டு காலுக்கும் பாகுபாடு இல்லாமல்.

"இத நான் ஏத்தமாட்டேம்பா" என்றார் கண்டக்டர். "வழியில இன்னொரு தபா எடுத்தா நான்தான் கழுவணும். கொஞ்சம் சோடா கீடா குடுத்து சாயங்காலம் கூட்டிக்கினு வா. நான் வூட்ல சொல்லிடறேன்."

மப்ளர்காரர் புல்லில் காலைத் தேய்த்துக்கொண்டே, என்னை டீக்கடை அம்மாவிடம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வரலாமே என்றார். மாமா டீக்கடையைப் பார்த்தார். வண்டியில் தொங்கின கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பஸ் கிளம்பிப் போய், அதன் சத்தமும் பனிக்குள் கரைந்து போகும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவருடைய விரல் என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிறார் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க போங்க" என்றார். "இவளுக்கு வவுறு சரியில்ல."

"சாயங்காலம் வருவியா?"

"போங்கடா."

அவர்கள் போய்விட்டார்கள். என்னை ஒரு சுற்று வண்டியில் ஏற்றிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்கு மனக்குறை.

டீக்கடை அம்மா சுடுதண்ணீர் கொடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு, நானும் மாமாவும் கடைக்குப் பின்னால் சாமை அறுத்த கொல்லையில் நடந்தோம். அந்த மாதிரி ஒரு பனியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மாமாவுக்கு முழங்கால் வரைக்கும்தான் உடம்பு இருந்தது, மேலே இருந்து குரல் மட்டும் வந்தது. எங்கேயோ மணிச் சத்தம் கேட்டது. பக்கத்திலா, தூரத்திலா, மேலேயா, கீழேயா என்று சொல்ல முடியவில்லை. மேகத்துக்குள் நடக்கிறோம் என்றார் மாமா. எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மேகம் என்றால் ஆண்டவர் இருக்கிற இடம். எல்லை தாண்டி ஓடிவந்து, நேராக அவருடைய வாசலிலேயே வந்து நிற்கிறேனோ?

அப்போது எதிரில் வெள்ளையாக ஒன்று வந்தது. பெரிதாக, அவசரமில்லாமல், மேகத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் குடிச்சேன். மாமா இல்ல. பீட்ரூட்டு தண்ணியும் நான்தான் ஊத்துனேன். மாமாவ விசாரிக்காதீங்க."

சூடாக ஒரு மூச்சு என் நெற்றியில் பட்டது. கண்ணைத் திறந்தால், கழுத்தில் மணியோடு ஒரு வெள்ளை மாடு.

மாமா அசையாமல் நின்றார். பிறகு அப்படியே அறுத்த தாள்கள்மேல் உட்கார்ந்தார். அழுகிறாரா என்று குனிந்து பார்த்தேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பீட்ரூட்டா? நான் முட்டி போட்டு, அழுது, வாங்கிக் குடிச்சது பீட்ரூட்டு தண்ணியா?"

ஆமாம் என்றேன். அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வி, சா, ரி என்று விரலை வைத்துப் படித்தார். அவருக்கும் அந்தச் சொல்லுக்கு ஸ்டேஷன் அர்த்தம்தான் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. "இது உனக்கு வந்துதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால பஸ் வரும்வரை டீக்கடையில் இருந்தோம். அந்த அம்மா எனக்குப் புளிப்புக் கொய்யா கொடுத்தாள், உப்புப் போட்டு. பஸ்ஸில் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள்: "போயிட்டு வா கண்ணு. உங்கம்மாவ நான் விசாரிச்சேன்னு சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கம்மாவையுமா? அம்மா ஒண்ணும் பண்ணலியே" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒண்ணும் பண்ணாட்டி இன்னா, நல்லா கீறாங்களான்னு கேட்டேன்னு சொல்லு. புள்ளைய காணாம தவிச்சிக்கினு இருப்பாங்க இல்ல" என்றாள். எங்கள் அம்மாவை அவள் பார்த்ததே கிடையாது. பெயரும் தெரியாது.

வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் மத்தியானமே வந்து சொல்லியிருந்ததால் யாரும் கிணறு கிணறாக எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் அம்மா பஸ் நிற்கிற இடத்திலேயே, தலையில் முக்காட்டோடு, ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றிருந்தாள். நான் இறங்கினதும் ஒரே ஓர் அறை. அடுத்தது விழுமுன் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூக்கின கை தூக்கினபடியே நின்றது. அன்றைக்குச் சோறு போடும்போது அம்மா தன் தம்பியைப் பார்க்கவே இல்லை. குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "போதும்க்கா, எல ரொம்பிடுச்சி" என்று அவர் சொன்ன பிறகுதான் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

போதகர் ஐயா அடுத்த வாரம் விஷயத்தைக் கேட்டு, மாமாவுக்கு மறுபடியும் திருவிருந்து கொடுக்கட்டுமா என்றார். "அதெல்லாம் வாணாங்கய்யா. அன்னிக்கி வாங்குனதுதான் எனக்கு" என்று சொல்லிவிட்டார் மாமா. ஐயா யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். என்னை உட்காரவைத்து, வேதத்தில் விசாரிக்கிறவர் என்றால் நம் கவலையைத் தன் கவலையாக எடுத்து நம்மைப் பார்த்துக்கொள்கிறவர் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த டீக்கடை அம்மாதான்.

மாமா அதற்குப் பிறகு குடிக்கவே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் மறுநாளே தானாக நடந்து எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் பெற்றார். போன வருஷம் அவருடைய பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சாயங்கால பஸ்ஸைப் பற்றித்தான். பனி கலைந்து, மலை முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கீழே எங்கள் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவில் சபையின் தகரம் வெயிலில் மின்னியது. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ரசத்தைக் குடித்ததற்கு ஒன்று. அதற்கு அவர் சிரித்து, என் தலையில் குட்டினார். இன்னொன்றும் கேட்டேன். என்னால்தானே அவருடைய கூட்டாளிகள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்? அத்தனை தூரம் வந்தும் அவர்களோடு ஒரு மணி நேரம்கூட அவர் இருக்க முடியவில்லையே என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழ ஆரம்பித்தார். அவ்வளவு ஆசையாக வந்திருக்கிறார், நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்கும் அழுகை வந்தது. அவரைச் சமாதானப்படுத்த ஒரு நல்ல வார்த்தை தேடினேன்.

"அழாத மாமா. அடுத்த தபா நான் கூட வரமாட்டேன். நீ அவங்களோட போயிட்டு வா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். கீழே ஊர் வந்து சேரும்வரை விடவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தேன்.